தேடுவோர்க்குத் திறக்கும் கதவு

(வெள்ளி விழாவையொட்டி வள்ளியூரில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



வெள்ளி விழா மேடையில் கடந்த 25 ஆண்டுகளின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதனை நம்மினும் தகுதியுடையோர் பேசியிருக்கிறார்கள். நாமோ சுவையற்றதெனத் தோன்றும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். இணையத்தில் வைக்கப்பட்டுள்ள தகவல் தொகுப்புகளில் எளிய மக்கள் எளிதாகத் தேடிக் காண்பதற்கு அத்தொகுப்புகளை எவ்வாறு திருத்தி அமைக்க வேண்டும் என்பதே அப்பொருள். "இது கணிப்பொறி வல்லுநர் பேச வேண்டியதன்றோ? கல்விச் சங்கத்திற்கு இதனால் என்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதனை மாற்றிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தம் தந்தையார்க்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட நிலத்தின் பழைய தாள் ஒன்றை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அதற்கு முன்னரே கணிப்பொறி நிலையம் ஒன்றுக்குச் சென்று, கட்டணம் கொடுத்துத் தேடச் செய்திருக்கிறார். 'பதிவுகள் இல்லை' என்று திரையில் வந்ததாம். "நிலம் இல்லைன்னு சொல்லிட்டாங்க ஐயா" என்றார் அவர். நண்பர்களே, 'பதிவு இல்லை' என்ற சொல்லுக்கும் 'நிலம் இல்லை' என்ற சொல்லுக்கும் இடையே எத்துணைத் தொலைவு உள்ளது! அத்தொலைவை அவர்க்கு எடுத்துச் சொல்ல அங்கு ஒருவரும் இல்லை; திரையும் சொல்லவில்லை.

நம் இளைஞர் இருவர் அத்தாளை வாங்கிப் பார்த்தனர். அதில் நாங்குநேரி வட்டம் என்றிருந்தது. இன்று வள்ளியூர் இராதாபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. வட்டத்தை மாற்றித் தேடினர். ஊர்ப் பட்டியலில் வடக்கு வள்ளியூர் என்றும் தெற்கு வள்ளியூர் என்றும் வருவாய்க் கிராமங்கள் தனித்தனியே நின்றன. அவற்றையும் சுற்றியுள்ள கிராமங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தனர். தந்தையார் பெயர் சுடலைமுத்து என்று தாளில் இருந்தது. கணிப்பொறியில் சுடலமுத்து என்று ஏறியிருந்தது. ஓர் ஐகாரம் குறைந்த குற்றத்திற்காக ஒரு குடும்பம் தன் நிலம் போயிற்றென்று பல மாதம் கலங்கியிருந்தது. பதிவு அங்கேதான் இருந்தது. இல்லாமற்போனது தேடும் வழியே.

கிணறும் கயிறும்

1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் அறிவோம். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்று அது கூறிற்று. தீர்மானம் நிறைவேறியது. ஆயினும் கிணற்றடிக்குச் சென்று நீர் மொண்டுவர நம் முன்னோர் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது நம் வீட்டு முதியோர் அறிந்த வரலாறு. கிணறு பொதுவென்று ஏட்டில் எழுதுவது ஒன்று. இறைக்கக் கயிறும் வாளியும் கையில் இருப்பது மற்றொன்று.

இன்று நில ஆவணம், பதிவு ஆவணம், கல்வி உதவித்தொகை, நீதிமன்றத் தீர்ப்பு, பழைய நூல், பழைய இதழ் ஆகிய யாவும் இணையத்தில் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன. வாயிலில் நின்று சாதி கேட்பார் இல்லை. இது பெரும் மாற்றம். இதனைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆனால் ஆங்கில எழுத்துக் கூட்டலும், புல எண்ணும், உட்பிரிவு எண்ணும், பழைய வட்டப் பெயரும், புதிய மாவட்டப் பெயரும் அறிந்தவனுக்கே அக்கதவு திறக்குமாயின், அது பாதி திறந்த கதவேயாகும். உரிய எண்ணை அறிந்தவன் வீட்டிலிருந்தே பெற்றுக்கொள்கிறான். அறியாதவன் ஒரு நாள் கூலியை இழந்து, இடைத்தரகர்க்கும் கொடுத்து, வெறுங்கையுடன் திரும்புகிறான்.

வாசகர் காலத்தைக் காத்தவர்

தேடுவோர்க்காகத் தொகுப்பை அமைப்பது புதிய சிந்தனையன்று. நம் தமிழ்நாட்டிலேயே பிறந்து உலகிற்குச் சென்ற சிந்தனை அது. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பது முதல் விதி. வாசகரின் காலத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காம் விதி. நூலைக் கண்டுபிடிக்க இயலவில்லையெனில் அக்குறை வாசகனுடையதன்று, நூலக அமைப்பினுடையது என்பதே இவ்விதிகளிலிருந்து நாம் பெறும் பாடம்.

1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் எனப் பல முகங்களில் நோக்கியது. இன்று இணையக் கடைகளில் விலை, அளவு, நிறம் என்று பக்கவாட்டில் தெரிவு செய்து பொருளைச் சுருக்கிக் காண்கிறீர்கள் அல்லவா? பல முகங்களில் பகுத்து நோக்கும் அம்முறையே அங்கும் நின்று வேலை செய்கிறது. செருப்பு வாங்குவோர்க்கு வாய்த்துள்ள இவ்வசதி, நிலப் பதிவு தேடுவோர்க்கு வாய்க்கலாகாதோ?

நம் மாவட்டத்திலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, பின்னர் 'தமிழன்' என்ற பெயரில் 1914-இல் தாம் மறையும்வரை நடத்தினார். அவ்விதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் பொன்னைப்போல் காத்துவந்தனர். ஆயினும் அவற்றில் என்ன உள்ளது, எங்கு உள்ளது என்று ஒரு மாணவன் தேடிக் காண வழியிருக்கவில்லை. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் திரட்டிப் பொருள்வாரியாகப் பகுத்துத் தர, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என வெளியிட்டது. அதன் பின்னரே பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. எழுத்து முன்னரே இருந்தது. தேடத்தக்க அமைப்புப் பெற்ற பின்னரே அது மக்களிடம் வந்து சேர்ந்தது.

தேடல் எங்கே தடுமாறுகிறது?

குறை கூறுமுன் குறையின் காரணத்தை அறிதல் வேண்டும். இளைஞர்கள் இப்பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, எழுத்துக் கூட்டல். கணிப்பொறி எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும். ரகர றகரமும், லகர ளகர ழகரமும், நகர ணகர னகரமும் நம் பேச்சில் மயங்குவதுபோல் பதிவுகளிலும் மயங்கியுள்ளன. ஸ்ரீநிவாசன் என்பதும் சீனிவாசன் என்பதும் நமக்கு ஒருவரே, கணிப்பொறிக்கு இருவர். ஆங்கில எழுத்திலோ சொல்லவே வேண்டா. நம் வள்ளியூரையே இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். 2020 ஜூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றதை அறிவீர்கள். ஓர் ஊரின் பெயரை எப்படி எழுதுவதென்பதே இத்துணைச் சிக்கலாயின், தேடுபவன் எதனைத் தட்டுவான்?

இரண்டாவது, தமிழ்ச்சொல்லின் இயல்பு. நிலம் என்பது நிலத்தை, நிலத்தில், நிலங்கள் என உருமாறும். 'நிலம்' என்று தட்டினால் 'நிலத்தை' என்னும் சொல்லுள்ள பக்கம் வராமற்போகலாம். 'பஞ்சமி நிலம்' என்று பிரித்தெழுதினால் ஒரு விடை. 'பஞ்சமிநிலம்' என்று சேர்த்தெழுதினால் வேறு விடை. வேர்ச்சொல்லை அறிந்து தேடும் வகையில் தமிழுக்கெனத் தொகுப்பை அமைத்தாலன்றி இக்குறை நீங்காது.

மூன்றாவது, குறியேற்றம். ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பலவாகச் சிதறிக் கிடந்தன. ஓர் எழுத்துருவில் தட்டிய தகவலை மற்றொன்றால் தேட இயலாது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் ஏற்றப்பட்டவற்றை முறையாக மாற்றாவிடில் அவை தேடுவார் கண்ணில் படா.

நான்காவது, படங்கள். பழைய நூல்களையும் தாள்களையும் ஒளிப்படமாகப் பிடித்து ஏற்றும்போது, கணிப்பொறிக்கு அது வெறும் படமே. தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டுமே தேடக் கிடைக்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர் தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி ஏற்றியதனால் உள்ளிருக்கும் சொல்லையும் தேட முடிகிறது. இன்று படத்திலிருந்து எழுத்தை உணரும் கருவிகள் வந்துள்ளன. எனினும் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களில் அவை தடுமாறுகின்றன. அத்தடுமாற்றத்தைத் திருத்த மனிதக் கண்ணே வேண்டும்.

நம் பெயரே மாறியபோது

ஐந்தாவது காரணம் நமக்கே உரியது. அதனால் தனியே கூறுகிறோம். நூறு ஆண்டுகளில் நம்மை ஏடுகள் அழைத்த பெயர்கள் எத்தனை! பஞ்சமர் என்றனர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்றனர். எம். சி. இராஜா முதலியோர் முயற்சியால் 1922-இல் ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஏற்புப் பெற்றது. பின்னர் அரிசனர் என்றும், அட்டவணைச் சாதியினர் என்றும், தாழ்த்தப்பட்டோர் என்றும், தலித் என்றும் வழங்கலாயிற்று. இன்றைய மாணவன் இன்று வழங்கும் ஒரு சொல்லை மட்டும் தட்டினால், முந்திய காலத்து ஆவணம் ஒன்றுகூட அவனுக்குக் கிட்டாது. 'நம் மக்களுக்கு வரலாறே இல்லை போலும்' என்று அவன் எண்ணிவிடுவான்.

2025 ஏப்ரல் திங்களில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவைச் சுமந்த சொல் போகட்டும், வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறும்போது பழைய முகவரியில் உள்ள பட்டாவும், சான்றிதழும், குடும்ப அட்டையும் புதிய முகவரியோடு உள்ளே இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெளியே புதிய பெயரைக் காட்டி, உள்ளே பழைய பெயரையும் அறிந்திருப்பதே நல்ல தொகுப்பு. இல்லையேல் இழிவோடு சேர்ந்து உரிமையும் தொலைந்துபோகும்.

நிலப் பதிவிலும் இதே கதைதான். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892-இல் நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. முதல் பத்தாண்டுகள் விற்றல் கூடாது. அதன் பின்னரும் அதே வகுப்பினர்க்கன்றி வேறெவர்க்கும் விற்றல் கூடாது என்பது நிபந்தனை. 1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டு எண்களும் மாறின. ஆகவே தாத்தா கையிலுள்ள எண்ணுக்கும் பேரன் திரையில் காணும் எண்ணுக்கும் பாலம் வேண்டும். அப்பாலத்தைத் தொகுப்பை அமைப்போர் கட்டித் தருதல் வேண்டும். நிபந்தனையையும் தேடிக் காணத்தக்க தனிக் கட்டமாக வைத்தல் வேண்டும்.

எவ்வாறு திருத்தி அமைப்பது?

நாம் வேண்டுவன அரியனவல்ல. பிழையாகத் தட்டினும் நெருங்கிய பெயர்களை எடுத்துக்காட்டுக. ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்து மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று வைக்க. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தன என்பதைத் தொகுப்பே அறிந்திருக்கட்டும். அதனைத் தேடுபவன் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை என்ன? எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாலன்றித் தேட இயலாது என்னும் முறையை விடுத்து, தெரிந்த ஒன்றைக்கொண்டு தொடங்கவும், பின்னர் ஊராலும் ஆண்டாலும் சுருக்கவும் வழி செய்க. தமிழில் தட்டவும், தட்ட இயலாதார் பேசித் தேடவும் இடம் தருக. சிறிய கைப்பேசியிலும் மெல்லிய இணைப்பிலும் இயங்குமாறு அமைக்க.

எல்லாவற்றிற்கும் மேலாக, விடை கிட்டாதபோது 'பதிவுகள் இல்லை' என்று கதவைச் சாத்தற்க. 'இவ்வெழுத்தில் இப்பெயர் கிட்டவில்லை. வேறு எழுத்தில் பாருங்கள். பழைய வட்டமாயின் இங்கே பாருங்கள். இன்ன அலுவலகத்தில் கேளுங்கள்' என்று வழி கூறுக. அவ்வொரு வரி இருந்திருப்பின் நம் பெரியவர் பல மாதம் கலங்கியிருக்க மாட்டார்.

அமைத்து முடித்த பின் அதனைச் சோதிப்பவர் யார் என்பதும் முக்கியம். உருவாக்கியவரே சோதித்தால் எல்லாம் எளிதாகவே தோன்றும். நாலைந்து உழவர், பீடித் தொழில் செய்யும் ஒரு தாய், பள்ளி இறுதி வகுப்பு மாணவி ஆகியோரை முன்னே அமர்த்தி, ஒன்றும் சொல்லித்தராமல், அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்தல் வேண்டும். தேடித் தோற்ற சொற்களைத் தொகுப்பே சேர்த்து வைத்து, திங்கள்தோறும் அவற்றைப் படித்துத் திருத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேடல் எளிதாவது நமக்கு மட்டுமன்று, நம்மை வேவு பார்ப்பார்க்கும் எளிதாகும். மாணவரின் சாதி, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண் ஆகியவை எவரும் தேடிக் காணும் நிலையில் இருத்தல் ஆகாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் இவ்வச்சத்தினாலேயே. உரிமைப் பதிவு திறந்திருக்கட்டும், உள்ளறை பூட்டியிருக்கட்டும்.

இது வேண்டுகோளன்று, உரிமை

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் மனுப் போடும் சட்டம் என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். அதன் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை முறையாக அட்டவணைப்படுத்தி, அகரவரிசைக் குறிப்புடன், தகவல் பெறுவதற்கு எளிதாகும் வகையில் பேண வேண்டும் என்று அது கடமை விதிக்கிறது. வட்டார மொழியையும், அவ்வட்டாரத்தில் மக்களை எளிதில் சென்றடையும் முறையையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே 'தேட முடியவில்லை' என்று நாம் முறையிடுவது சலுகை கேட்பதன்று. சட்டம் விதித்த கடமையை நினைவூட்டுவதேயாகும்.

நாம் செய்ய வேண்டுவன

பிறரைக் கேட்பதோடு நம் பணி முடிவதில்லை. மூன்று பணிகளை இவ்வெள்ளி விழா ஆண்டில் ஏற்போம்.

ஒன்று, சங்க அலுவலகத்தில் 'கிட்டாதவை ஏடு' ஒன்று வைப்போம். எவர் எதனைத் தேடினார், எச்சொல்லைத் தட்டினார், என்ன வந்தது, முடிவில் எங்ஙனம் கிட்டியது என்று நாள் குறித்து எழுதுவோம். ஓராண்டு முடிவில் அவ்வேட்டை உரிய துறைகளுக்கு அனுப்புவோம். வெறும் குறைகூறலுக்கு விடை வராது. நாளும் சொல்லும் குறித்த நூறு சான்றுகளை ஒதுக்கிவிடல் எளிதன்று. தேடிப் பெற்றவரின் பெயரையும் எண்ணையும் அதில் எழுதாமல் விடுவோம்.

இரண்டு, நம் வீட்டை நாமே ஒழுங்கு செய்வோம். சங்கத்தின் 25 ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகள், உதவித்தொகைப் பதிவுகள், துண்டறிக்கைகள், ஒளிப்படங்கள் ஆகியவை அலமாரியில் அடைந்து கிடக்கின்றன. நாம் தேடினாலே நமக்குக் கிட்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் தலைப்பு, ஆண்டு, ஊர், பொருள், மாற்றுப்பெயர் ஆகியவற்றைத் தமிழில் குறித்து அட்டவணை எழுதுவோம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. ஞாயிறுதோறும் இருவர் அமர்ந்தால் போதும்.

மூன்று, நம் பிள்ளைகள் தேடுவோராக மட்டும் நின்றுவிடலாகாது. கணிப்பொறி பயிலும் மாணவ மாணவியர் நம்மிடையே இன்று பலர் உள்ளனர். தொழில் கற்று நகரம் செல்வீர்கள், செல்க. தொகுப்பு ஒன்றை அமைக்கும் மேசையில் நாளை நீங்கள் அமர்ந்திருக்கும்போது, 'ஐகாரம் விடுபட்டால் என்ன ஆகும்? பழைய வட்டப் பெயரோடு ஒருவர் வந்தால் என்ன ஆகும்?' என்று கேட்கும் ஒரு குரலாவது அவ்வறையில் இருக்கும். அக்கேள்வி, மஞ்சள் பையோடு வந்த பெரியவரைக் கண்டறிந்தவர்க்கே தோன்றும். அதனைக் கேட்கும் இடத்திற்கு நம் பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பதற்காகவே இச்சங்கம் தோன்றியது.

அப்பெரியவர் தம் பதிவின் படியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்படும்போது, "இதை எப்படித் தேடினீங்கன்னு என் பேத்திக்கும் ஒரு தடவை சொல்லிக் குடுத்துருங்க" என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறன்று அப்பெண் வந்தாள், கற்றுக்கொண்டாள். இன்று 'கிட்டாதவை ஏட்டின்' முதற்பக்கத்தை எழுதத் தொடங்கவிருப்பவளும் அவளே.